குடம் குடமாக வந்த சீர்

மூன்று வருடங்களுக்கு முன்பு, திருப்பூர் ராயபுரம் பக்கம் ஒரு காம்பவுண்டில் குடிவந்திருந்தோம். எனக்கு அப்போது ஐந்தாவது மாதம். சொந்த ஊர் சிவகங்கைப் பக்கம். பிழைக்க வந்த இடத்தில் எங்களுக்கென்று யாரும் இல்லை.

ஆற்றுத் தண்ணீர் வாரத்துக்கு ஒருமுறைதான் வரும். பிடித்து வைக்க, என் கணவர் தான் வேலை பார்த்த சாயப்பட்டறையில் காலியான பெரிய நீல டிரம் ஒன்றை வாங்கி வந்தார். சோப்புப் போட்டுத் தேய்த்து, மஞ்சள் பொட்டும் வைத்தேன். குடிக்க, சமைக்க எல்லாம் அந்தத் தண்ணீர்தான். இந்த ஊரில் பல வீடுகளில் அப்படித்தானே! பக்கத்து வீட்டு அக்காவுக்குத்தான் அதைக் கண்டாலே ஆகாது. "இந்த டிரம்மு ரொம்பறதுக்குள்ள எனக்குத் தலையே நரைச்சுப் போயிருமாட்ட இருக்குது" என்பார் குழாயடியில். நானும் சும்மா விடமாட்டேன்.

ஒருநாள் என்னைப் பார்க்க வந்த நர்ஸம்மா தண்ணீர் கேட்டார். டிரம்மில் மொண்டதைப் பார்த்ததும் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

"சாய மருந்து வந்த டிரம்முங்க இது. குரோமியம், ஈயம்னு எது ஒட்டியிருக்குதோ! கழுவினாலும் முழுசாப் போகாதுங்க. நீங்க குடிச்சா வயித்துல இருக்கறதுக்கும் போகுமுங்க."

ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். நான் வாசற்படியில் உட்கார்ந்து அழுதேன். பெற்றெடுக்கும் முன்பே பிள்ளைக்கு நானே விஷத்தை ஊட்டிவிட்டேனோ என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

சத்தம் கேட்டு வந்த அக்கா, விவரம் தெரிந்ததும் டிரம்மைச் சாய்த்துச் சாக்கடையில் கொட்டிவிட்டார்.

"யக்கா! அடுத்த தண்ணி என்னைக்கு வருமோ?"

"அதுக்கு நீ எதுக்குக் கண்ணு மூக்கச் சிந்தற?"

சாயங்காலம் பனியன் கம்பெனி விட்டு எல்லாரும் வந்ததும் பார்க்கிறேன், இடுப்பில் எவர்சில்வர் குடத்தோடு அக்கா முன்னால் வருகிறார். பின்னாலேயே காம்பவுண்டுப் பெண்கள், ஆளுக்கொரு குடம், ஒவ்வொன்றிலும் மஞ்சள் குங்குமம்! "குடத்துலயே புடிச்சு வெச்சது கண்ணு, பயப்படாமக் குடி" என்றார் அக்கா. மாடிப்படியில் நின்றவர்கள், "மாமன் ஊட்டுச் சீர் வருதுங்கோ!" என்று குரல் கொடுத்தார்கள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. என்னையறியாமல் எங்கள் ஊர்க் குலவையைப் போட்டுவிட்டேன்.

"சீர் வாங்கற புள்ளையே குலவ போடறத இன்னைக்குத்தான் பாக்கறேன்!" என்றார் அக்கா. காம்பவுண்டே சிரித்தது.

ரிசல்ட் வாங்கப் போன அன்று அக்கா ஷிப்டை விட்டுவிட்டுக் கூட வந்தார். பயப்படும்படி எதுவும் இல்லை என்று டாக்டர் சொன்னதும், என்னைவிட அவர்தான் பெரிதாக மூச்சு விட்டார். "போச்சாது உடு, இனித் தெகிரியமா உன்றகூடச் சண்ட போடலாம்" என்றார் பஸ்ஸில். அடுத்த தண்ணீருக்கே போட்டோம்!

மகள் நல்லபடியாகப் பிறந்து, இப்போது அந்த அக்கா மடியை விட்டு இறங்குவதில்லை. யார் வீட்டிலாவது சாய டிரம்மைக் கண்டால் இன்றைக்கும் நான் வாய் மூடி வருவதில்லை. ஆனால் பயத்தை மட்டும் சொல்லிவிட்டு வரக்கூடாது, கையில் ஒரு குடம் நல்ல தண்ணீரும் கொண்டு போக வேண்டும் என்பதை அந்தப் பெண்களிடம்தான் கற்றுக்கொண்டேன்.