மீன்சாப்பாட்டுக் கடையில் ஆறு பள்ளத்தி

மீன்குழம்பு விற்றுப் பிழைக்கிற மனுஷன் மீன் வளர்க்கப் போகிறேன் என்று சொன்னால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? நான் வாய்விட்டே சிரித்தேன். கிழக்கேகோட்டை பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற சந்தில், என் தையல் கடையை ஒட்டினாற்போல் பிச்சைக்கனி அண்ணாச்சியின் கடை. நாலைந்து மேசை, மத்தியானம் மட்டும் மீன்சாப்பாடு. திசையன்விளைப் பக்கத்திலிருந்து மீசை முளைக்கும் முன்பே இந்த மலையாளச் சீமைக்கு வந்து, ஊரார் கடையில் இலை எடுத்து, அப்புறம் சொந்தக் கடை போட்டவர். சமையல் அவர் மனைவி சுடலைமாடத்தி மைனி. கூடை மீனை மைனி முன்னால் வைத்துவிட்டு நாம் ஒரு டீ குடித்து வருவதற்குள், செதில் போய், குடல் போய், மஞ்சள் பூசித் தயாராக இருக்கும்.

"எதுக்கு அண்ணாச்சி இந்த வேலை?" என்று கேட்டேன்.

"வாழ்க்கை பூரா எதைப் பாத்தாலும், இது என்ன வெலைக்குப் போவும்னுதான் பாத்திருக்கேன் செல்வி. ஒண்ணையாவது சும்மா பாத்துக்கிட்டு இருக்கணும்லா."

எனக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது. மைனிக்கு அடங்கவில்லை. "சும்மா பாக்கதுக்கு நான் ஒருத்தி இருக்கேம்லா, பத்தாதோ?" என்று அடுப்படியிலிருந்து கேட்டாள்.

கல்லாவுக்குப் பக்கத்தில் இரண்டரை அடி நீளக் கண்ணாடித் தொட்டி வந்து உட்கார்ந்தது. கரமனையில் தங்கப்பன் என்பவரின் அலங்கார மீன் கடை இருக்கிறது. அண்ணாச்சி போன அன்று தங்கப்பன் இல்லை. நின்ற ஆள் கை காட்டியதையெல்லாம் பிடித்துக் கொடுத்துவிட்டார். அண்ணாச்சியின் கையோ இலையில் அவியல், தோரன், கிச்சடி, பச்சடி என்று வகைக்கு ஒன்று வைத்துப் பழகிய கை. அதே கணக்கில் ஆஸ்கர் ஒன்று, வரிவரியாகக் கான்விக்ட் ஒன்று, மஞ்சளில் ஒன்று, நீலத்தில் ஒன்று, தட்டையாக ஏஞ்சல் ஒன்று. எல்லாமே சிக்லிட் என்கிற ஒரே இனம்தானாம். "ஒரே சாதிசனம், அடிச்சுக்கிடாது" என்றார். சொந்தக்காரர்கள் அடித்துக்கொள்ள மாட்டார்கள் என்று இந்த வயதிலும் ஒருவர் நம்பினால் என்ன செய்வது?

வந்த வாரமே ஏஞ்சலின் செட்டை கந்தலானது. நீலத்தை ஆஸ்கர் விழுங்கிவிட்டது. போதாக்குறைக்கு, தன் கடையில் யாரும் அரைவயிறாக எழுந்திருக்கக் கூடாது என்று அண்ணாச்சி அள்ளி அள்ளித் தீனி போட, தொட்டித் தண்ணீர் கஞ்சித் தண்ணீரானது. மிச்சமிருந்ததைத் தூக்கிக்கொண்டு மறுபடி கரமனைக்கு ஓடினார். பொத்தான் வாங்க நானும் கூடப் போயிருந்தேன்.

தங்கப்பன் தலையில் அடித்துக்கொண்டார். "அண்ணாச்சி, இது ஊணு அல்லல்லோ, வகைக்கு ஓரோண்ணு வைக்கான்! சிக்லிட்டாக்கும். ஒவ்வொண்ணுக்கும் தனி எடம் வேணும். இந்த ஆஸ்கர் ஒரு முழம் வளரும். அதுக்கு உங்க தொட்டி காணாது."

"பின்ன எதை வைக்க?"

"வளந்தா எவ்வளவு வரும்னு முதல்ல நோக்கணும். ஒண்ணோட வாயில மத்தது கொள்ளுமோன்னு நோக்கணும். உங்க தொட்டிக்குச் சின்ன சாதி ஒண்ணு மதி, போதும். அதுவும் ஒரே ஒரு ஜோடி."

பிறகு அவர் காட்டியது பள்ளத்தி. நம் வெள்ளாயணிக் காயலில் கிடக்கிற அதே பள்ளத்தி. உள்ளங்கைக்குள் அடங்கும். மஞ்சள் உடம்பு, விலாவில் ஒரு கறுப்புப் பொட்டு. இதுவும் சிக்லிட்தானாம். அண்ணாச்சியின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! கடையில் மொறுமொறுவென்று வறுத்துப் போடுகிற மீனைக் காசு கொடுத்து வாங்கி வளர்ப்பதா? ஆனால் அவை வாலாட்டிக்கொண்டு கண்ணாடிக்கருகே வந்து அவரையே பார்த்தன. மனுஷன் விழுந்துவிட்டார்.

"குஞ்சுல ஆணும் பெண்ணும் தெரியாது. ஆறு கொண்டு போங்க. அதுகளே ஜோடி சேரும். சேந்தா மத்த நாலையும் மாத்திடணும் கேட்டோ. இல்லேல் அடிச்சுக் கொன்னுடும்."

ஆறும் வந்தன. ஒளிந்துகொள்ள இடம் வேண்டுமென்று, விளிம்பு உடைந்த மண்சட்டி ஒன்றைக் கொதிக்க வைத்துக் கழுவி உள்ளே சாய்த்து வைத்தார். அது மைனி மீன்குழம்பு வைத்த சட்டி. சாப்பிட வருகிறவர்களுக்குக் கொண்டாட்டம். சாலை மார்க்கெட்டில் மூட்டைச் சுமடு எடுக்கும் பிரபின், "அண்ணாச்சி, அந்த வலத்தே ஓரத்தில உள்ளதை ஒரு ஃப்ரை!" என்பான் தினமும். அண்ணாச்சி சிரிப்பார். ஆனால் அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை தொட்டிக்கும் அவனுக்கும் நடுவில்தான் நிற்பார்.

மழைக்காலம் தொடங்கியபோது ஆறில் இரண்டு மீன்கள் ஜோடி சேர்ந்து சட்டியைப் பிடித்துக்கொண்டன. ஒருநாள் சட்டிக்குள் முட்டை. இரண்டும் மாறி மாறி நின்று செட்டையால் விசிறின. அண்ணாச்சி சந்து முழுக்க அறிவித்தார். எனக்கு ஒரு பழம்பொரி கிடைத்தது.

ஆனால் தங்கப்பன் சொன்னது சொன்னபடி நடந்தது. மற்ற நாலையும் அந்த ஜோடி விரட்டி விரட்டிக் கடித்தது. நாலும் மேல்மூலையில் ஒடுங்கிக் கிடந்தன. அண்ணாச்சிக்குச் சோறு இறங்கவில்லை. தங்கப்பனுக்கு போன் செய்ததில், காலித் தொட்டி இருக்கிறது, கொண்டுவாருங்கள் என்றார்.

"நாலு பள்ளத்திக்கு பஸ்ல டிக்கெட்டா? சட்டியில போட்டா முடிஞ்சுது சோலி" என்றாள் மைனி. வழக்கமான கேலிதான். ஆனால் அன்றைக்கு அண்ணாச்சி சிரிக்கவில்லை. "அவளுக்கு மீன்னா கறிதான், செல்வி. அதுக்கு மேல அவளுக்கு ஒண்ணும் தெரியாது" என்று என்னிடம் சொன்னார். அந்த நாலும் பிழைக்குமா என்பதோடு, தன் சந்தோஷம் தனக்கு மட்டும்தான் என்பதும் அவரை அரித்தது.

மறுநாள் காலையில் நாலையும் நீல வாளியில் எடுத்துக் கொல்லையில் வைத்துவிட்டு, பஸ்ஸில் கொண்டுபோகக் காற்றடைக்கிற பை வாங்கக் கரமனைக்குப் போனார். திரும்பும்போது கிள்ளிப்பாலத்தில் ஏதோ ஊர்வலம். பஸ் நகரவில்லை.

அவர் கடைக்குள் நுழையும்போது சாப்பாட்டு நேரம் பாதி தாண்டிவிட்டது. நான் பிரபினுக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பிரபின் இலையில் பொன்னிறமாக வறுத்த பள்ளத்தி.

"இது... இது எங்கேருந்து?"

"மைனி தந்நதா. நல்ல ருசி!"

கடல் கொந்தளிப்பு, சாளையும் இல்லை அயிலையும் இல்லை என்று மீன்காரி ஷீஜா காயல் பள்ளத்தியை உயிரோடு கொண்டு வந்திருக்கிறாள். கொல்லையில் தண்ணீரோடு இருந்த நீல வாளி தனக்காக வைத்ததென்று நினைத்து, அத்தனையையும் அதிலேயே கொட்டிவிட்டுப் போயிருக்கிறாள். இது எனக்கே பிறகுதான் தெரியும். அண்ணாச்சி கொல்லைக்கு ஓடினார். இலையை அப்படியே விட்டுவிட்டு நானும் ஓடினேன். வாளி காலி. அரிவாள்மணை ஈரமாகக் கிடந்தது. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

மைனி அடுப்பிலிருந்து திரும்பினாள். "என்ன அப்படி முழிக்கிய? ஷீஜா அவ கொண்டாந்த பள்ளத்தியையும் அந்த வாளியிலயே கொட்டிட்டுப் போயிட்டா. உங்க நாலும் அந்தா அண்டாவுல கெடக்கு."

அரிசி களைகிற அண்டாவில், சல்லடை மூடிக்குக் கீழே, நாலு பள்ளத்திகள் நீந்திக்கொண்டிருந்தன.

"அம்புட்டுக்குள்ள எப்படிட்டி கண்டுபிடிச்ச?"

"ஏன், எனக்குக் கண்ணு இல்லையா? வால் பிஞ்சவன் ஒருத்தன். குண்டன் ஒருத்தன். பயந்தாங்குளி ஒருத்தன். அந்தா நிக்கானே, அவன் ஒண்ணரைக் கண்ணன்." கரண்டியை ஓங்கி வைத்தாள். "நீங்க மத்தியானம் பெஞ்சுல கெடந்து கொறட்டை விடுதப்ப, இந்த மொகரைகளைத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன் தெனமும். தேடி எடுக்கதுக்குள்ள நெஞ்சு வெடிச்சிரும் போல ஆயிப்போச்சு. இனிமே பள்ளத்தி கொண்டாந்தா வாங்க மாட்டேன்னு அந்த ஷீஜாகிட்ட சொல்லிட்டேன்."

அண்ணாச்சி தோள்துண்டால் முகத்தைத் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"ஒண்ணரைக் கண்ணனா? அது எது?"

இத்தனை மாதம் பார்த்த மனுஷனுக்கு அது தெரியாது! மைனி அவர் கையைப் பிடித்து இழுத்து அண்டா பக்கத்தில் உட்கார வைத்தாள். தானும் உட்கார்ந்து, விரலை நீட்டி ஒவ்வொன்றாகக் காட்டத் தொடங்கினாள். உள்ளே யாரோ குழம்பு கேட்டுச் சத்தம் போட்டார்கள். நான் போய் ஊற்றினேன்.