நான்காம் மாடியின் நீல டிரம்

அவர் முப்பத்தொரு வருடமாக லிஃப்ட் பழுது பார்க்கிறார். சொந்தக் குடியிருப்பின் லிஃப்டில் இதுவரை மூன்று முறைதான் ஏறியிருக்கிறார், மூன்றும் பழுது பார்க்க. நாலாவது மாடிக்கு ஏன் நடக்கிறீர்கள் என்று கேட்டால், தன் காலுக்குக் கரண்ட் வேண்டாம் என்பார். கட்டடத்தில் அவருக்குப் பெயர் படிக்கட்டு. முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிடுவார்கள், அவரும் திரும்பிப் பார்ப்பார்.

வாஷிங் மெஷினில் துணி அலசிய தண்ணீர் அவர் வீட்டில் வாளிக்குப் போய், தரையைத் துடைத்து, அப்புறம் கக்கூஸுக்குப் போகும். விருந்தாளி கிளம்பும் பேச்சை எடுத்ததுமே எழுந்துபோய் ஃபேனை நிறுத்திவிடுவார். மிச்சப் பேச்சு வியர்வையில் நடக்கும். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மனைவி இதையெல்லாம் பொறுத்துக்கொண்டார். குடி கிடையாது, சீட்டு கிடையாது, குப்பையைக்கூட வீணாக்காத பழக்கம் ஒன்றுதான் என்று தங்கையிடம் சொல்லி மனதைத் தேற்றிக்கொள்வார்.

வினை டிரம்மாக வந்து பால்கனியில் உட்கார்ந்தது. நீல நிறம், சுற்றிலும் ஓட்டை. காய்கறித் தோல், காப்பிச் சக்கை, முட்டை ஓடு எல்லாம் உள்ளே போகும். மேலே காய்ந்த இலையைப் போட்டு மூடினால் சில மாதத்தில் உரம். முதல் தடவை நன்றாக வந்தது. இரண்டாவது தடவை இலையில் கஞ்சத்தனம் காட்டிவிட்டார். ஈரம் தங்கி நாற்றமெடுத்தது. ஒரு நாள் அடியிலிருந்து கசிந்த பழுப்புத் தண்ணீர், கீழ் வீட்டுக் கொடியில் காய்ந்த வெள்ளைச் சட்டையில் சொட்டியது. கீழ் வீட்டுக்காரர்தான் குடியிருப்போர் சங்கச் செயலாளர். சட்டையும் அவருடையது.

டிரம்மை அகற்ற ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் தீர்மானம் என்று அவர் நோட்டீஸ் ஒட்டினார். படிக்கட்டு கணக்குப் போட்டுப் பார்த்தார். டிரம் போனால் மறுபடி தினமும் ஒரு பை குப்பை அவர் வீட்டிலிருந்து லாரி ஏறும். அதைவிட அவர் லிஃப்டிலேயே ஏறிவிடுவார். கூட்டத்துக்குத் தான் வரப்போவதில்லை என்று மனைவி சொல்லிவிட்டார்.

இதற்கு நடுவே இன்னொரு சமாசாரம் இருந்தது. முதல் தடவை வந்த உரத்தில் படிக்கட்டு தன் தொட்டிகளுக்குப் போக மிஞ்சியதை, வாசலில் செயலாளர் வளர்த்த ரோஜாத் தொட்டிகளில் யாரிடமும் சொல்லாமல் போட்டிருந்தார். எறிய மனசில்லை, கேட்கத் தைரியமில்லை. ரோஜா பூத்துத் தள்ளியது. கடையில் தான் வாங்கிய செடி மருந்தின் மகிமை என்று செயலாளர் போவோர் வருவோரிடமெல்லாம் சொன்னார். அப்புறம் ஒவ்வொரு ரோஜாவின் காலடியிலும் தக்காளிச் செடி முளைத்தது.

கூட்டத்தில் முதல் விஷயமே அதுதான். ரோஜாத் தொட்டியில் தக்காளி விதைத்த விஷமி யார் என்று செயலாளர் கேட்டார். படிக்கட்டு தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். வரமாட்டேன் என்ற மனைவி கதவோரம் நின்றிருந்தார். பால்கனியிலிருந்து விரட்டினால் டிரம் சமையலறைக்குள் வந்துவிடும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

"யாரும் விதைக்கலை சார். அது எங்க வீட்டுத் தக்காளி. உரத்துல விதை சாகாம இருந்திருக்கு. உங்க ரோஜா சாப்பிட்டதும் அதே உரம்தான்" என்றார் படிக்கட்டின் மனைவி.

பின்வரிசையில் யாரோ சிரித்து, அதை இருமலாக்கிக்கொண்டார்கள். செடிகளை இன்றே பிடுங்கி எறிவதாகச் செயலாளர் சொன்னார்.

"பிடுங்குறதுக்கு முன்னாடி என்னைக் கேளுங்க. குச்சி நட்டுக் கட்டியிருக்கேன், பூ விட்டிருக்கு" என்றார் பக்கத்து நாற்காலியில் இருந்த செயலாளரின் மனைவி.

செயலாளர் நோட்டீஸை மறுபடி படித்தார். பிறகு தீர்மானத்தைத் திருத்தினார். டிரம் மொட்டை மாடிக்குப் போகலாம். அடியில் தட்டு வைக்க வேண்டும், இலையைத் தாராளமாகப் போட வேண்டும், ரோஜாவுக்கு ஒரு பங்கு வர வேண்டும். சட்டையைப் பற்றி யாரும் பேசவில்லை.

நிறைந்த டிரம்மைப் படியில் தூக்க முடியாது. வரும் ஞாயிறு காலை அது லிஃப்டில் மேலே போகும். படிக்கட்டு நடந்துபோய், மேலே அதை இறக்கிக்கொள்வார்.