அம்மாவின் கையில் சுற்றாத பட்டி

எங்கள் அம்மா இல்லாமல் ஓராண்டைக் கடந்து வந்துவிட்டோம். வடமராட்சியின் கடலோரக் கிராமமொன்றில், எட்டுப் பிள்ளைகளில் மூன்றாமவராகப் பிறந்தவர் அவர். இடம்பெயர்வுகளுக்கு இடையில் ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. அப்பா முன்னதாகவே பலெர்மோ வந்து, மொண்டெல்லோ கடற்கரையில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். கைக்குழந்தையான என்னைத் தூக்கிக்கொண்டு அம்மா பின்னால் வந்து சேர்ந்தார்.

பொலிதேயாமா அரங்குக்கு அருகே, நாலாம் மாடியில் தனித்திருந்த, நாங்கள் சிஞ்ஞோரா என்றழைத்த வயதான இத்தாலிய அம்மையாரைப் பராமரிப்பது அம்மாவின் வேலை. அங்கேயே தங்க வேண்டும். வியாழன் பின்னேரமும் ஞாயிறும்தான் விடுப்பு. பதினான்கு ஆண்டுகளாக எங்களுக்குக் கிடைத்த அம்மா அவ்வளவுதான். மற்ற நாட்களில் சிஞ்ஞோராவுக்கு ஊட்டிவிட்டு, மிச்சமிருந்த பாஸ்தாவைக் குசினி மேசையில் தனியே இருந்து சாப்பிடுவார். தமிழில் ஒரு சொல் பேச ஆளில்லை.

"சுவரோடை கதைச்சுக் கதைச்சு, இப்ப சுவரும் 'ஓம்' எண்டுது" என்று சொல்லிச் சிரிப்பார்.

அப்பாவுக்கு மாரடைப்பு வந்தபின் எங்கள் வீடு அவருடைய இதயத்தைச் சுற்றியே இயங்கியது. அம்மா வரும் நாட்களில் அவருக்கு உப்பில்லாத கறி வேறாகச் சமைப்பார், மாத்திரைகளைப் பிரித்து வைப்பார், நடக்கச் சொல்லித் துரத்துவார். தன் முதுகு நோகிறதென்றும் களைப்பாக இருக்கிறதென்றும் இடையிடையே சொல்வார். சிஞ்ஞோராவைத் தூக்கி இருத்துவதால் வந்த நோ என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். நானே தைலம் பூசிவிட்டேன்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவள் நான். தாதியர் கல்வி. ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்தடியில் பஸ்ஸுக்கு நிற்பவர்களுக்கெல்லாம் அம்மா இதைச் சொல்லியிருக்கிறார். எனக்கும் அந்தப் பெருமை உண்டு.

ஒரு வியாழன், அன்று வகுப்பில் படித்ததை அம்மாவிடம் சொன்னேன். பனிநாட்டின் இனுயிட் மக்கள் ஊரைவிட்டுத் தூர நகரங்களுக்குப் போகும்போது அவர்களின் இதயத்துக்கு என்ன நடக்கிறது, ஆண்களுக்கும் பெண்களுக்கும் அது ஒரேமாதிரியா என்பதே பாடம். சாப்பாடு, வேலை, நித்திரை, தனிமை எல்லாவற்றையும் கேட்டுப் பார்க்க வேண்டும் என்றேன்.

"பாவங்கள். ஐஸுக்கை கிடந்த சனத்தையும் விடேல்லையே இந்த நெஞ்சு வருத்தம்?" என்றார் அம்மா.

அப்பா வழமைபோலக் கையை நீட்டினார். "டொக்டர் அம்மா, என்ரை பிரஷரைப் பாருங்கோ. உங்கடை அம்மா அரை உப்புப் போட்டிட்டா."

"போடாட்டில் ருசியில்லை எண்டுறியள், போட்டால் பொலிஸிலை குடுக்கிறியள்" என்றார் அம்மா. பிறகு ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, "பிள்ளை, எனக்கும் ஒருக்கா பாரன்" என்றார்.

அவர் அப்படிக் கேட்டது அதுவே முதல் தடவை. அப்பாவின் கையில் சுற்றியிருந்த பிரஷர் கருவியின் பட்டியைக் கழற்றுவதற்குள் சிஞ்ஞோராவின் மகளிடமிருந்து அழைப்பு வந்தது. அம்மா கோட்டை எடுத்தார்.

"ரண்டு நிமிசம், அம்மா."

"கிழவி தனிய நிக்குதாம். வாற வியாழன் பாப்பம். எனக்கென்ன, நான் கல்லுமாதிரி."

செவ்வாய் காலை, சிஞ்ஞோராவுக்குக் காப்பி கொடுத்துவிட்டுக் குசினிக் கதிரையில் இருந்தவர் எழும்பவில்லை. இதயம் என்றார்கள் மருத்துவர்கள். அருகில் எங்களில் ஒருவரும் இல்லை.

பார்த்திருந்தால் அம்மாவைக் காப்பாற்றியிருப்பேன் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. படித்தவள் நான் பார்க்கவில்லை, அதை மட்டும் சொல்கிறேன். அப்பாவும் நானும் இப்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிடுகிறோம்.

தன் மகளின் தோளில் சாய்ந்து, சுவரைப் பிடித்துப் பிடித்துப் படியிறங்கி இறுதிக்கிரியைக்கு வந்த சிஞ்ஞோராவுக்கும், அன்று எங்கள் வீட்டு அடுப்பை மூட்டிய மொரீசியஸ் அயலவருக்கும், பெட்டியைச் சுமந்தவர்களுக்கும், கைபேசித் திரையில் மட்டும் அக்காவை வழியனுப்ப முடிந்த மாமாமாருக்கும் சின்னம்மாமாருக்கும் எங்கள் நன்றி.

அம்மாவின் முதலாண்டு ஆட்டைத் திவசத்துக்கு வரும் அன்ரிமாரிடம் ஒரு வேண்டுகோள். இம்முறை பிரஷர் பார்க்க உங்கள் வீட்டு ஆண்கள் பொறுக்கட்டும். பந்தி முடியட்டும், பாத்திரம் கழுவி முடியட்டும் என்று நீங்கள் எழும்பி வரமாட்டீர்கள் என்பது எனக்குத் தெரியும். கருவியோடு நானே குசினிக்கு வருவேன். கையைத் துடைத்துவிட்டு நீட்டுங்கள்.