நுரையாகப் போன நிலக்கரி

நிலக்கரியின் உள்ளமைப்பை அறிய அதை உடைக்க வேண்டும். சுத்தியலால் அல்ல, பெர்மாங்கனேட்டால். காரக் கரைசலில் கரித்தூளைக் கொதிக்கவிட்டு, ஊதா நிற பெர்மாங்கனேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். நிறம் மறைந்த பிறகுதான் அடுத்த பங்கு. பொறுமையாகச் செய்தால் கரிக்குள் இருக்கும் கார்பன் வளையங்கள் சில, அமிலங்களாகத் தப்பி வரும். அவற்றை வைத்து முழுக் கரியும் எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். வீட்டை இடித்துவிட்டு, மிஞ்சிய சன்னல்களைப் பார்த்து வரைபடம் போடுகிற வேலை.

ஓசூரில் எம்.எஸ்சி. கடைசிப் பருவத்தில் இதுதான் என் ஆய்வு. தேர்ச்சி பெற்றால் ஒரு தொழிற்சாலைப் பரிசோதனைக்கூடத்தில் வேலை தயார். சுத்தம் செய்த கரி ஒரு முறைக்கு மட்டுமே மிச்சமிருந்தது.

என் வழிகாட்டிப் பேராசிரியர் பெங்களூரிலிருந்து வந்து போகிறவர். அத்திப்பள்ளியில் நெரிசல் தொடங்குமுன் கர்நாடக எல்லையைத் தாண்டுவதே அவருடைய முதன்மை ஆராய்ச்சி. அன்று மதியம் கார் சாவியோடு உள்ளே வந்தார். நிறம் மறையக் காத்திருப்பதாகச் சொன்னேன்.

"இப்படி ஸ்பூன் ஸ்பூனா ஊட்டிட்டிருந்தா எப்பம்மா முடிக்கறது? கரி என்ன கைக்குழந்தையா?" என்றபடி மிச்சப் பெர்மாங்கனேட்டை மொத்தமாகக் கொட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் வடிகட்டி அமிலம் ஊற்றினேன். கோலி சோடா போலப் பொங்கியது. மிஞ்சியவை: வடிதாளில் பழுப்புச் சேறு, குடுவையில் உப்பு. வளையங்களும் என் முடிவுரையும் கார்பன் டை ஆக்சைடாகிக் கூரைப் பக்கம் போய்விட்டன.

பேராசிரியர் கலங்கவில்லை. போன வருட மாணவர் ஒருவரின் அறிக்கையில் கரியின் அமைப்பாக இருந்த அறுகோணப் படத்தையே போடச் சொன்னார். எல்லாக் கரியும் உள்ளே ஒன்றுதானாம். அப்படியானால் ஆய்வு எதற்கு என்று நான் கேட்கவில்லை, படத்தையும் போடவில்லை. ஆக்சிஜனேற்றம் அளவு மீறியது, அமைப்பு தெரியவில்லை என்று எழுதினேன். தேர்வில் நிற்கப்போவது நீதான் என்று எனக்கு நினைவூட்டிவிட்டுக் கையெழுத்திட்டார்.

வாய்மொழித் தேர்வுக்குச் சேலத்திலிருந்து வந்த தேர்வாளர் என் அறிக்கையின் பக்கங்களைப் புரட்டினார்.

"படம் எங்கம்மா?"

"இல்லீங்க சார். கரி மொத்தமும் வாயுவாப் போயிருச்சுங்க. உள்ள என்ன இருந்துச்சுன்னு தெரியலீங்க."

"யாரு அவ்வளவு பெர்மாங்கனேட் போட்டது?"

என் பேராசிரியர் மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார். வந்தவர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மேற்கொண்டு கேட்கவில்லை.

அதே அறுகோணத்தைத் தன் அறிக்கையில் போட்ட என் மத்தூர்த் தோழிக்கு வகுப்பிலேயே அதிக மதிப்பெண். எனக்குத் தேர்ச்சி மட்டும். வேலைக்கு அது போதுமாக இருந்தது. இங்கே கொதிகலனுக்கு வரும் கரியைச் சோதிக்கிறேன். மேலாளர் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: நன்றாக எரியுமா? கரியை மிச்சமில்லாமல் எரிப்பதில் மட்டும் எனக்கு அனுபவம் இருக்கிறது.