எந்த அக்கவுன்ட்டில் வாங்கினீங்க?

செல்போன் கடையில் வேலை பார்க்க போனைப் பற்றித் தெரிந்தால் போதும் என்றுதான் நினைத்துச் சேர்ந்தேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு அதுவே மலைப்பாக இருந்தது. சேர்ந்த பிறகுதான் புரிந்தது, போன் பாவம், அது ஒன்றுமே செய்வதில்லை. எல்லாவற்றையும் செய்வது அதைக் கையில் வைத்திருப்பவர்கள்.

லிங்கராஜபுரத்தில் எங்கள் கடை. முதலாளி நயாஸ் பாய் உள்ளே உட்கார்ந்து ரிப்பேர் பார்ப்பார். முன்னால் நான். கண்ணாடி ஒட்டுவது, கவர் விற்பது, பழைய போனில் இருப்பதைப் புதுப் போனுக்கு மாற்றிக் கொடுப்பது. இந்தக் கடைசி வேலையில்தான் எனக்கு பிபி வந்தது. காசு கொடுத்து வாங்கிய ஆப் ஒன்று பழைய போனில் இருந்திருக்கும். புதுப் போனில் இருக்காது. "எந்த அக்கவுன்ட்டில் வாங்கினீங்க?" என்று நான் கேட்பேன். உங்களிடமும் யாராவது இப்படிக் கேட்டிருப்பார்கள், நீங்களும் என் வாடிக்கையாளர்கள் மாதிரியே கூரையைப் பார்த்திருப்பீர்கள். வாங்கிய ஆப் போனில் குடியிருப்பதில்லை. எந்த மெயில் அக்கவுன்ட்டில் வாங்கினோமோ அதில் இருக்கிறது. அதே அக்கவுன்ட்டைப் புதுப் போனில் போட்டால் காசில்லாமல் மறுபடி இறங்கும். விஷயம் இவ்வளவுதான். இதைச் சொன்னதும் நம்பிய ஒருவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

போன மாதம் ஒரு வாரம் முழுக்க இதே கூத்து. அதைச் சொல்கிறேன்.

வாளிக்குள் போன வாய்

திங்கட்கிழமை கடை திறந்ததும் ஸ்டெல்லா வந்தாள். பிரேசர் டவுனில் ஒரு வீட்டில் சமையல் வேலை செய்கிறாள். கூட அவள் மகள் ஜென்னி, பதினேழு வயது. ஜென்னிக்குக் காது நன்றாகக் கேட்கும், பேச்சு வராது. போனில் ஒரு ஆப் வைத்திருந்தாள். கட்டம் கட்டமாகப் படம். தொட்டால் போன் அந்த வார்த்தையைத் தமிழில் சொல்லும். நான்கு வருடத்துக்கு முன்னால் எங்கள் கடையில்தான் காசு கொடுத்து வாங்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். அந்தப் போன் ஞாயிற்றுக்கிழமை துணி ஊறவைத்த வாளிக்குள் விழுந்துவிட்டது. நயாஸ் பாய் திறந்து பார்த்து, மூடிக் கொடுத்துவிட்டார்.

புதுப் போன் வாங்கி வந்திருந்தாள் ஸ்டெல்லா. அதிலிருக்கும் ஸ்டோரில் தேடினால் அந்த ஆப்பே இல்லை. செய்தவர்கள் விற்பதை நிறுத்திவிட்டார்கள். காசு தருகிறேன் என்றாலும் கிடைக்காது. முன்பு வாங்கியவர்களின் பட்டியலில் மட்டும் இருக்கும், அதுவும் வாங்கிய அக்கவுன்ட்டைப் போட்டால். ஓசியில் கிடைத்த வேறொன்றை இறக்கிக் கொடுத்தேன். அதில் யானை, ஐஸ்கிரீம், விமானம். ஜென்னி ஒரு நிமிடம் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பித் தள்ளினாள். சனிக்கிழமை பதினொரு மணிக்கு ஆஸ்டின் டவுனில் பேக்கரி வேலைப் பயிற்சிக்கு அவளுக்கு நேர்முகம். அவளே பதில் சொல்ல வேண்டும், அம்மா சொல்லக் கூடாது. யானையை வைத்துக்கொண்டு அங்கே என்ன பதில் சொல்வாள்.

எந்த அக்கவுன்ட் என்று கேட்டேன். ஸ்டெல்லாவும் கூரையைப் பார்த்தாள். இதற்கிடையில் ஜென்னி கவுன்ட்டர் மேல் இருந்த என் சொந்தப் போனைப் பிடித்து இழுத்தாள். பிள்ளைகளுக்கு யார் போனைப் பார்த்தாலும் கை ஊறும் என்று அதை வாங்கி டிராயரில் போட்டுப் பூட்டினேன். ஸ்டெல்லா போகும்போது சொன்னாள்: "அவ வாயை உங்க கடையிலதான்க்கா வாங்கினோம். வேற எங்க போய்க் கேக்கறதுன்னு எனக்குத் தெரியல."

அழுக்கு சேராத மெயில்

அன்று மத்தியானம் கனகராஜ் சார் வந்தார். தொழிற்சாலையில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். ஒரு பஞ்சாங்க ஆப்பை நான்கு தடவை காசு கொடுத்து வாங்கிவிட்டதாகவும், ஐந்தாவது தடவையும் கேட்கிறார்கள் என்றும், இது பகல் கொள்ளை என்றும் கடை வாசலிலிருந்தே ஆரம்பித்தார். ராகு காலம் தெரியாமல் ஆட்டோ ஏறி வந்துவிட்டாராம், அதற்கும் நான்தான் காரணம்.

உட்காரவைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒவ்வொரு போனுக்கும் ஒரு புது மெயில். ஒவ்வொரு மெயிலிலும் ஒரு பஞ்சாங்கம். மூன்று கிடைத்தது. "மூணுதான் சார் இருக்கு" என்றேன். "நாலும்மா" என்றார். வயசாகிவிட்டது, எண்ணிக்கை தவறத்தான் செய்யும் என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டேன். பழைய மெயிலையே போட்டால் போதுமே, எதற்காகப் போனுக்குப் போன் புதிது என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்னது: "ஒரே மெயிலை எத்தனை வருஷம்மா வெச்சுக்கறது? அழுக்கு சேர்ந்திடாதா?"

ராஜினாமா

ஆனாலும் அந்த அழுக்கு எனக்கு ஒரு வழியைக் காட்டியது. ஸ்டெல்லாவின் புதுப் போனில் இருந்தது பக்கத்து வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை போட்டுக் கொடுத்த புது மெயில். பழையது ஒன்று இருக்க வேண்டுமே. மெயில் இல்லாதவர்களுக்கு நானே மெயில் திறந்து கொடுத்து ஒரு நோட்டில் எழுதி வைப்பது வழக்கம். செவ்வாய்க்கிழமை முழுக்க அந்த நோட்டைப் புரட்டினேன். ஒரு பக்கத்தில் சாம்பார் கொட்டியிருந்தது. அது யாருடைய பக்கமோ, அந்தக் குடும்பத்துக்கு என் அனுதாபம்.

நடுவில் ஒரு தம்பி வந்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஐடி கம்பெனியில் வேலை பார்ப்பவர். வீடியோ வெட்டி ஒட்டும் ஆப் ஒன்றைச் சொந்தக் காசில் வாங்கியிருக்கிறார், ஆனால் ஆபீஸ் கொடுத்த மெயிலில். போன வாரம் அந்த வேலையை விட்டார். ஆபீஸ்காரர்கள் மெயிலை மூடிவிட்டார்கள். ஆப்பும் அதோடு போயிற்று. ஆபீஸ் மெயிலில் எதற்காக வாங்கினீர்கள் என்றால், பாஸ்வேர்டு அது ஒன்றுதான் ஞாபகம் இருந்ததாம். இவ்வளவு படித்தவருக்கே இந்தக் கதி என்றால் எட்டாவது படித்த நான் எவ்வளவோ தேவலை என்று ஒரு சின்ன சந்தோஷம் எனக்கு, பொய் சொல்வானேன். அவர் கண்ணாடிப் பெட்டியில் சாய்ந்துகொண்டு கேட்டார்: "வேலையைத்தானே மேடம் ராஜினாமா பண்ணேன்? ஆப்பை எப்ப பண்ணேன்?"

ஆறு நம்பர்

புதன்கிழமை நோட்டில் ஸ்டெல்லாவின் மெயில் கிடைத்தது. என் கையெழுத்துதான். எனக்கு ஏற்பட்ட பெருமையைச் சொல்லி முடியாது, பாயைக் கூப்பிட்டுக் காட்டினேன். உடனே ஆள் அனுப்பி ஸ்டெல்லாவையும் ஜென்னியையும் வரவழைத்தேன். மெயிலைப் போட்டதும், இது நீங்கள்தானா என்று உறுதி செய்ய ஆறு இலக்க நம்பர் ஒன்றை அனுப்பியிருப்பதாகப் போன் சொன்னது. எந்தப் போனுக்கு? மெயில் திறந்தபோது வீட்டில் இருந்த ஒரே போன், அவள் புருஷனுடையது. அவன் வீட்டை விட்டுப் போய் இரண்டு வருடம் ஆகிறது. ஓசூரில் வேறு குடும்பம் என்று கேள்வி.

இதை ஸ்டெல்லா சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஜென்னி என் பக்கம் வந்து டிராயரை இரண்டு தட்டுத் தட்டினாள். பசிக்கிறதோ என்று பிஸ்கட் எடுத்துக் கொடுத்தேன். வாங்காமல் மறுபடி தட்டினாள். பொறும்மா, அம்மா பேசறாங்க இல்ல, என்று அதட்டி உட்காரவைத்தேன். ஸ்டெல்லா கடைப் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். இரண்டு நிமிடத்தில் கையில் ஆறு நம்பரை எழுதிக்கொண்டு வந்தாள்.

அக்கவுன்ட் திறந்தது. வாங்கியவை என்ற இடத்தில் ஒன்றுமே இல்லை. வெள்ளையாக இருந்தது. நான் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்தேன், இழுத்தால் வரும் என்பதைப் போல. ஸ்டெல்லா கையில் எழுதியதை முந்தானையால் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "ரெண்டு வருஷம் கழிச்சுப் பேசினேன்க்கா. அந்தாளும் நம்பர் மட்டும்தான் சொன்னான்."

அடுத்தவர் அலமாரி

வியாழக்கிழமை நான் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அன்று பார்த்துத்தான் சரோஜாம்மா வர வேண்டுமா. கம்மல், வளையல், கைப்பை எல்லாம் ஒரே நிறத்தில் போட்டுக்கொண்டு வருகிறவர். அவருடைய போன் முழுக்கத் தெரியாத ஆப்பாக இறங்கிக்கொண்டிருக்கிறது, வைரஸ் அடித்துவிட்டது என்றார். பார்த்தால் வைரஸ் இல்லை. வெளிநாட்டில் இருக்கும் மகன் போன தடவை வந்தபோது அம்மாவுக்குப் பாட்டு ஆப் போட்டுக் கொடுக்கத் தன்னுடைய அக்கவுன்ட்டையே போட்டுவிட்டுப் போயிருக்கிறான். அவன் அங்கே வாங்குவதெல்லாம் இங்கே அம்மாவின் பட்டியலில் வந்து நிற்கிறது.

இன்னொருத்தர் அக்கவுன்ட்டைப் போட்டால் இப்படித்தான், அவர் அலமாரி உங்கள் வீட்டில் திறக்கும் என்று பெரிய வாத்தியார் மாதிரி விளக்கினேன். அவர் கேட்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பட்டியலை மேலிருந்து கீழே படித்துக்கொண்டிருந்தார். ஒரு இடத்தில் விரல் நின்றது. இளைஞர்கள் ஜோடி தேடிக்கொள்ளும் ஆப், வருடச் சந்தா கட்டியது. அதற்குக் கீழே அதே மாதிரி இன்னொன்று. "இப்போதைக்குப் பொண்ணு பாக்காதேன்னு என் வாயை அடைச்சான் மேடம். நான் ஓசியில பாத்திருப்பேன், இவன் சந்தா கட்டிப் பாக்கறான்."

டிராயர்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நயாஸ் பாய் என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். "வசந்தாம்மா, ஜாஸ்தி மண்டையைக் குழப்பிக்காதீங்க. போன் ரிப்பேர் நம்ம பொறுப்பு. மத்ததுக்கு நாம என்ன பண்றது" என்றார். நியாயம்தான். நானும் சரி என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். ஜென்னி நேர்முகத்துக்குப் போய் யானைப் படத்தைத் தொடுவதுதான் கண்ணுக்குள் நின்றது.

சனிக்கிழமை ஒன்பதே முக்காலுக்கு இரண்டு பேரும் வந்தார்கள். ஜென்னி இஸ்திரி போட்ட சுடிதார், எண்ணெய் வைத்து வாரிய தலை. கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று ஸ்டெல்லா கெஞ்சினாள். என்ன பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நோட்டை எடுக்க டிராயரைத் திறந்தேன். திறந்ததுதான் தாமதம், ஜென்னி கவுன்ட்டரைச் சுற்றி வந்து என் போனை எடுத்துக்கொண்டாள். இந்தத் தடவை நான் பிடுங்கப் போனபோது விடவில்லை. என் கட்டை விரலைப் பிடித்து அதன் மேல் வைத்துத் திறந்தாள், நேராக ஸ்டோருக்குள் போனாள், மூலையில் இருந்த என் போட்டோவைத் தொட்டாள். பிறகு போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

வாங்கியவை. பட்டியல் நீளமாக இருந்தது. மேலிருந்து ஏழாவதாக அவளுடைய படப்பேச்சு ஆப்.

எல்லாம் அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. நான்கு வருடத்துக்கு முன்னால் ஸ்டெல்லாவிடம் கார்டு இல்லை, கையில் காசுதான் இருந்தது. அதை நான் வாங்கிக்கொண்டு, என் அக்கவுன்ட்டிலேயே ஆப்பை வாங்கி, அதே அக்கவுன்ட்டை அந்தப் போனில் போட்டு இறக்கிக் கொடுத்தேன். நான்கு வருடமாக ஜென்னியின் ஸ்டோர் மூலையிலும் என் போட்டோதான் இருந்திருக்கிறது. அவசரத்துக்கு இப்படி எத்தனை பேருக்குச் செய்திருக்கிறேன் என்று பட்டியலைப் பார்த்தால் தெரிந்தது. யாருடைய செஸ்ஸோ, யாருடைய பைபிள் வினா விடையோ, லிங்கராஜபுரத்தில் பாதி என் அலமாரியில் இருக்கிறது. நடுவில் ஒரு பஞ்சாங்கம். கனகராஜ் சாரின் நான்காவது.

புதுப் போனில் என் அக்கவுன்ட்டைப் போட்டேன். காசு கேட்கவில்லை. இறங்கியது. ஜென்னி வாங்கி, மணியைப் பார்த்து, ஒரே ஒரு கட்டத்தைத் தொட்டாள். ஒரு வாரமாகப் பேசாத போன் "ஆட்டோ" என்றது. ஸ்டெல்லா செருப்பைப் போடாமலே ஓடிப் போய் ஒன்றை நிறுத்தினாள்.

சாயங்காலம் அதே சுடிதாரோடு வந்தார்கள். இடம் கிடைத்துவிட்டது, திங்கட்கிழமை பயிற்சி ஆரம்பம். எதற்குப் பேக்கரி என்று கேட்டதற்கு "சூடு, வாசனை, பிடிக்கும்" என்று மூன்று கட்டத்தில் பதில் சொன்னாளாம். அதை ஸ்டெல்லா இரண்டு தடவை சொன்னாள். நானும் ஏதோ சொல்ல வேண்டுமே என்று, "எவ்வளவு கஷ்டப்பட்டுத் தேடினேன் பாத்தியாம்மா" என்று ஜென்னியிடம் சொல்லித் தொலைத்தேன். அவள் அவசரமே படவில்லை. ஒவ்வொரு கட்டமாகத் தேடி நிறுத்தி நிறுத்தித் தொட்டாள். போன் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னது: "ஆண்ட்டி. போன். திங்கட்கிழமை. சொன்னேன்."

இப்போதும் யார் வந்து நின்றாலும் எந்த அக்கவுன்ட்டில் வாங்கினீங்க என்றுதான் அதே அதிகாரத்தோடு கேட்கிறேன், டிராயரை மட்டும் பூட்டுவதில்லை.