மூன்றில் ஒரு பங்கு பழசு

ஒரு பெண் கண்டுபிடித்ததை என் பெயரில் அச்சேற்றினேன். அதற்கு முன்பே, அவர் கவனக்குறைவானவர் என்று எழுதிக் கையெழுத்திட்டு, அவரை அந்த வேலையிலிருந்து அகற்றியும் இருந்தேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. சென்ற மாதம்வரை என் மயிலாப்பூர் வீட்டு மேசையில் ஒரு கண்ணாடிப் புட்டி இருந்தது. அதன் வயிற்றில் ஒட்டிய வெள்ளை பிளாஸ்திரியில் நீலப் பேனாவால் ‘பழசு. கொட்டாதே’ என்று எழுதியிருக்கும். கையெழுத்து அவருடையது. அதில் இருந்ததை நான் எப்போதோ தீர்த்துவிட்டேன்.

அப்போது அடையாற்றில் ஓர் ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை. உடலிலிருந்து பிரித்தெடுத்த செல்களைச் சிறு தட்டுகளில் வளர்த்து, அவை எப்போது பிரிந்து பெருகுகின்றன என்று பார்ப்போம். செல்களுக்கு ஊற்றும் உணவு நீருக்கு மீடியம் என்று பெயர். புதிதாக இருக்கும்போது சிவப்பாகவும், செல்கள் உண்டு முடிக்கும்போது மஞ்சளாகவும் இருக்கும். அதைத் தயாரித்து ஊற்றுவது அவர் பொறுப்பு என்பதால் எல்லோருக்கும் அவர் ‘மீடியா அக்கா’. ஆதம்பாக்கத்திலிருந்து பேருந்தில் வருவார். எட்டாவதுக்கு மேல் படித்தவரல்ல. தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் ஒருமுறை சாய்த்துப் பார்த்தால் போதும், உள்ளே இருப்பவை நலமா இல்லையா என்று சொல்லிவிடுவார்.

பழைய மீடியத்தை முழுவதும் கொட்டிவிட்டுத்தான் புதிது ஊற்ற வேண்டும் என்பது நான் எழுதிச் சுவரில் ஒட்டிய விதி. ஒருநாள் குளிர்பெட்டியைத் திறந்தபோது மஞ்சள் நீரோடு அந்தப் புட்டி நின்றது. மாணவர்கள் எதிரிலேயே கேட்டேன், என்னம்மா இது என்று.

“முழுசா புதுசு ஊத்தினா மெரண்டுடுது சார். மூணுல ஒரு பங்கு பழச வடிகட்டி வுட்டா, ஒண்ணுக்கொண்ணு பேசிக்கினு நல்லா ஒட்டிக்கிது.”

“பேசுதா? அப்ப ஒரு ரேடியோவும் வாங்கி வைக்கலாமா?” என்றேன். மாணவர்கள் சிரித்தார்கள்.

“ரேடியோ இன்னாத்துக்கு சார்? தலகாணி போதும். புது எடத்துல படுக்கற கொழந்த, பழைய தலகாணி இருந்தா தூங்கும்ல?”

இன்னும் பலமாகச் சிரித்தார்கள். அன்று மாலையே மெமோ எழுதினேன். விதியை மீறினார், கவனக்குறைவு. அடுத்த வாரம் அவரை நடையின் கோடியில் இருந்த கண்ணாடிக் கழுவும் அறைக்கு மாற்றினார்கள். இத்தனைக்கும் அந்த வாரம் முழுக்க முதுகலை வகுப்பில் நான் எடுத்த பாடம், செல்கள் ஒன்றோடொன்று எப்படிச் செய்தி பரிமாறிக்கொள்கின்றன என்பதுதான். ஒரு செல் ஒரு பொருளைக் கசியவிடுகிறது. அடுத்த செல்லின் மேற்பரப்பில் அதற்கென்றே அமைந்த ஏற்பி ஒன்று அதைப் பிடித்துக்கொள்கிறது. செய்தி உள்ளே போகிறது. செல் பிரிகிறது அல்லது நகர்கிறது அல்லது செத்துப்போகிறது. கரும்பலகையில் அழகாகப் படம் போட்டேன்.

அவர் போனபின் என் செல்கள் சாகத் தொடங்கின. விதிப்படி எல்லாம் நடந்தது. தட்டு மாற்றிய மூன்றாம் நாளே சுருங்கி மிதந்தன. இரண்டு மாதம் திண்டாடிய பிறகு, உறைபெட்டியின் அடியில் அவர் சேமித்து வைத்துப்போன அந்தப் பிளாஸ்திரிப் புட்டி கண்ணில் பட்டது. வேறு வழி தெரியாமல் அதிலிருந்து ஒரு தட்டில் மட்டும் ஊற்றினேன். அந்தத் தட்டு நிறைந்தது. பழைய நீரில் இருந்தது, செல்களே கசியவிட்ட ஒரு பொருள். தட்டு நிறையச் செல்கள் இருக்கும்போது அது தானாகவே போதுமான அளவு சேர்ந்துவிடும். கொஞ்சமே கொஞ்சம் செல்களைப் புதுத் தட்டுக்கு மாற்றி, பழசையும் ஒட்டக் கொட்டிவிட்டால், பக்கத்தில் ஆள் இருக்கிறது என்று சொல்ல எதுவும் இல்லாமல் அவை மடிந்துபோகின்றன. ஏற்பிகளை மட்டும் மறைத்துப் பார்த்தேன். சுற்றிலும் செய்தி நிறைந்திருந்தும் செல்கள் அசையாமல் கிடந்தன. சோதனை முழுமையடைந்தது.

கட்டுரையில் ‘தற்செயலாகக் கவனித்தோம்’ என்று எழுதினேன். நன்றி சொல்லும் பத்தியில்கூட அவர் இல்லை. பதவி உயர்வு வந்தது. அவரைத் திரும்ப அழைத்திருக்கலாம். அழைத்தால் மெமோ தவறு என்றாகிவிடும். அதனால் அழைக்கவில்லை. கழுவும் அறையிலேயே ஓய்வு பெற்றார். ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். சோப்பின் சாயல் இருந்தாலும் செல்கள் பிழைக்காது. அவர் கழுவிய காலம் முழுவதும் என் புட்டி ஒன்றில்கூட அது இருந்ததில்லை. எனக்குக் கிடைத்த பேரெல்லாம் அவர் பத்துமுறை அலசிய கண்ணாடியில்தான் வளர்ந்தது.

இரண்டாண்டுக்கு முன் தியாகராய நகரில் ஒரு மருத்துவர் என் சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டு, நான் யாரென்று தெரியாமல் எளிமையாக விளக்கினார். “இன்சுலின்லாம் நிறையவே இருக்கு சார். உங்க செல்தான் அதைக் காதுல வாங்கிக்க மாட்டேங்குது.” சிரித்தேன். படியிறங்கி பாண்டி பஜார் கூட்டத்தில் நடந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. ஒரே செய்தி ஓயாமல் வந்தால் செல் தன் ஏற்பிகளை உள்ளே இழுத்துக்கொள்வதுண்டு. நாள்தோறும் அக்காவின் குரலில் ‘சார்’ கேட்டுப் பழகிய நானும் அப்படித்தான் ஆகியிருந்தேன். ஆனால் செல்லுக்கு வேறு வழியில்லை. எனக்கு இருந்தது.

கட்டுரையை வெளியிட்ட ஆய்விதழுக்கு எல்லாவற்றையும் எழுதினேன். பெயர் சேர்க்க அக்காவின் ஒப்புதல் வேண்டும் என்று பதில் வந்தது. ஒப்புதல் தாளோடு ஆதம்பாக்கம் போய் வீட்டை விசாரித்துக் கண்டுபிடித்தேன். தலை முழுக்க வெளுத்திருந்தது. உட்காரச் சொன்னார், காபி கொடுத்தார், நான் சொன்னதையெல்லாம் கேட்டார்.

“பேரு கெடக்கட்டும் சார். கவனக்குறைவுன்னு எழுதினீங்களே, அத்த என் பொண்ணு படிச்சிட்டா. நீ இன்னாம்மா தப்பு பண்ணேன்னு கேட்டா. நான் இன்னான்னு சொல்லுவேன்?”

அந்த மெமோவைத் திரும்பப் பெற முன்பே விசாரித்திருந்தேன். பழைய கோப்புகளை அழித்துவிட்டார்களாம். அதனால் அங்கேயே ஒரு தாள் கேட்டு வாங்கி, அவர் மகளுக்கு எழுதினேன்: ‘உங்கள் அம்மா செய்தது சரி. தவறு செய்தது நான். தவறென்று தெரிந்த பின்னும் மறைத்தேன்.’ எழுத்துக்கூட்டிப் படித்து, நான்காக மடித்துப் பீரோவில் வைத்தார். பிறகு என் தாளில் கையெழுத்துப் போட்டார். “மன்னிச்சிட்டேன்னுலாம் சொல்ல மாட்டேன் சார். வந்தீங்க. சரி.”

ஆறு மாதம் கழித்து இதழில் திருத்தம் வந்தது, அவர் பெயரோடு. அச்சுப் பிரதியைக் கொடுக்கப் போனபோது புட்டியையும் எடுத்துப்போனேன். “இத்த இன்னுமா வச்சிக்கினு கீறீங்க? ஒரு தபா கழுவியாவது வச்சிருக்கலாம்ல” என்றார். அந்தச் செல்களை ஒருமுறை பார்க்க முடியுமா என்றும் கேட்டார்.

சென்ற மாதம் ஆட்டோவில் அடையாறு போனோம். இப்போது அங்கே ஆராயும் மாணவி தன் தட்டைக் கொடுத்தாள். அவர் அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, “யாரும்மா முழுசா மாத்தினது? மெரண்டு கீது பாரு” என்றார். அவள் என்னைப் பார்த்தாள். “அக்கா சொல்றதக் கேளும்மா” என்றேன். அவர் என் கையிலிருந்த புட்டியை வாங்கி, பிளாஸ்திரியைச் சுரண்டி எடுத்துவிட்டு, தொட்டியருகே நின்று பத்துமுறை அலசினார். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். பிறகு புது பிளாஸ்திரி கேட்டார்.

மேசையில் இப்போது ஒரு வட்டத் தடம் மட்டும் இருக்கிறது. நேற்று அந்த மாணவி கைப்பேசியில் ஒரு படம் அனுப்பினாள். குளிர்பெட்டியில் மஞ்சள் நீரோடு புட்டி நிற்கிறது. ‘பழசு. கொட்டாதே.’ எழுத்து கொஞ்சம் நடுங்கியிருக்கிறது. அதற்குக் கீழே, இம்முறை, தன் பெயரையும் எழுதியிருக்கிறார்.