சாமி கிடாய்கள் மேய்ந்த காடு

மழை விட்ட மறுநாள் ஐயனார் கோயில்காட்டுக்குள் நுழைந்தால் மக்கிய இலையின் வாடைதான் முதலில் மூக்கில் ஏறும். எனக்குப் பத்து வயது முடிவதற்குள் அந்த வாடை போய், ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் கலந்த வீச்சம் வந்துவிட்டது.

கண்டரமாணிக்கத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பா ஆடு வளர்த்துத்தான் எங்களைக் காப்பாற்றினார். கோடையில் வெளியே புல் கருகிப்போனாலும், காட்டுக்குள் வீரை, பாலை மரங்களின் அடியில் காரையும் சூரையும் சங்கஞ்செடியும் ஆள் நுழைய முடியாதபடி மண்டிக் கிடக்கும். எங்கள் ஆடுகள் அதைக் கடித்தே ஐப்பசி மழை வரைக்கும் தாக்குப்பிடிக்கும். அந்தக் காட்டில் சுள்ளி ஒடித்தால்கூடத் தெய்வக்குற்றம். மேய்ச்சலுக்கு மட்டும் தடை கிடையாது.

தம்பி கடும் காய்ச்சலில் கிடந்து பிழைத்தபோது நாங்களும் ஒரு கிடாயின் காதைக் கிழித்துக் காட்டில் விட்டோம். அப்படி விட்டதைச் "சாமி கிடா" என்பார்கள். படையலன்று வெட்டும்வரை அதை யாரும் விரட்டக் கூடாது, விற்கவும் கூடாது. வம்பு அங்கேதான் வந்தது. முதல் மரியாதை யாருக்கு என்று ஊரில் இரண்டு தரப்பு முறைத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போக, படையல் வருடக்கணக்கில் நின்றுபோனது. நேர்த்திக்கடன் நிற்கவில்லை. கிடாய்கள் சேர்ந்துகொண்டே போயின. முதலில் புல் போயிற்று, பிறகு செடிகள். கடைசியில் மரத்தடியில் முளைத்த கன்றுகளையும் இரண்டிலை விடும்போதே கடித்துவிட்டன. அவை மோந்துகூடப் பார்க்காத உண்ணிச்செடியும் ஆவாரையும்தான் அங்கங்கே தழைத்தன.

ஒரு கோடையில் எங்கள் குட்டிகள் பாலில்லாமல் சாகத் தொடங்கவும், அப்பா ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்றார்.

"ஐயா, ஒண்ணு படையலைப் போடுங்க, இல்லாட்டி கிடாய்களைப் பத்திவிடுங்க. இப்படிப் பேசாம இருக்கீகளே, என் ஆடு எதைத் திங்கும்?"

இரண்டு தரப்பும் ஒன்றுசேர்ந்தது அன்றைக்குத்தான். "மரத்தை வெட்டுனாத்தானப்பா குத்தம். சாமி கிடா மேயிறது எப்படிக் குத்தமாகும்? நீயும் ஒண்ணு விட்டவன்தானே?" என்று பெரியவர் ஒருவர் கேட்க, அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். அந்த மாதமே மந்தையைக் கறிக்கடைக்காரர்களுக்கு விற்றுவிட்டுத் திருப்பூருக்குச் சாயப்பட்டறை வேலைக்குப் போனார். அம்மா அழவில்லை, நான்தான் அழுதேன். அந்தக் கூட்டத்தின் மேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் ஆறவில்லை.

வழக்கெல்லாம் முடிந்து இப்போது படையல் நடக்கிறது. செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வரும் வெளியூர்க்காரர்கள் சாலையோரம் காரை நிறுத்திக் காட்டைப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் பச்சையாகத்தான் இருக்கிறது. ஒரு மரத்தையும் வெட்டாமல் காப்பாற்றிய ஊர் என்று எங்களுக்கு நல்ல பெயர் வேறு.

போன வருடப் படையலுக்கு, கண் மங்கிப்போன அப்பாவைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். சாமியைக் கும்பிட்டுவிட்டு அவர் மரம் மரமாகப் போய், குனிந்து, கன்று தேடி அடித்தரையைத் தடவினார். வெறும் மண்தான் தட்டுப்பட்டது.

"எல்லாம் கெழடாவே நிக்குதே, தாயி," என்றார். "குட்டி ஒண்ணுகூட இல்ல. இந்த மந்தை இத்தோட சரி."